பிரதமர் லீவு போட்டார்... நிஜக் காரணத்தைச் சொல்லி!

நம்மில் முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில் எழுதிய முதல் இங்கிலீஷ் கடிதம் லீவ் லெட்டராகத்தான் இருக்கும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...' அக்கா கல்யாணம் என்றாலும் ஃபீவர்தான், ஹோம்வொர்க் எழுதவில்லை என்றாலும் ஃபீவர்தான். வளர்ந்து, வேலைக்குப் போய், மேனேஜருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் வயதிலும் அந்தக் காய்ச்சல் நம்மை விடுவதில்லை.

1998-ம் வருடம் ஆகஸ்ட் 31, திங்கட்கிழமை. நார்வே நாட்டின் பிரதமர் லீவு போட்டார். அவரும் காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். முதுகுவலி, ரத்த அழுத்தம், 'டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார்' என்று எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். யாரும் துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அலுவலகத்திலிருந்து வந்த அறிவிப்போ, அளவுக்கு மீறிய வேலைப்பளுவால் பிரதமருக்கு மனச்சோர்வு ஏற்பட்டிருக்கிறது, அதனால் விடுப்பில் போகிறார் என்றது.

அவர் பெயர் ஷெல் மாக்னெ போன்டெவிக். (எழுத்தைப் பார்த்துப் படித்தால் 'கியெல்' என்று வரும். அந்த ஊர்க்காரர்கள் வாயில் 'ஷெல்'லுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்றாக ஒலிக்கிறது.) பெயர் புதிதாகத் தெரிந்தாலும், நம் வாசகர்களில் பலர் இவர் காலத்துச் செய்திகளைக் கட்டாயம் படித்திருப்பீர்கள். இலங்கையில் 2002 பிப்ரவரியில் நார்வே முன்னின்று போர்நிறுத்த ஒப்பந்தம் கொண்டுவந்ததே, எரிக் சொல்ஹெய்ம் கொழும்புக்கும் வன்னிக்குமாக அலைந்தாரே, அப்போது ஓஸ்லோவில் பிரதமராக இருந்தவர் இவர்தான். லீவு போட்ட அதே மனிதர், மூன்றரை வருடம் கழித்து!

பாதியில் தொடங்கிவிட்டேன். கொஞ்சம் பின்னால் போய்வருவோம்.

போன்டெவிக் பிறந்தது 1947 செப்டம்பரில், மேற்குக் கடலோரத்தில் இருக்கும் மோல்டே என்ற சிறிய நகரத்தில். ரோஜாக்களுக்கும் ஜாஸ் இசை விழாவுக்கும் பேர் போன ஊர். சித்தப்பாவோ பெரியப்பாவோ அரசியலில் இருந்தால் பையனும் வந்துவிடுவான் என்பது எல்லா ஊர் வழக்கமும்தானே? அப்பாவின் சகோதரர் கிறிஸ்தவ மக்கள் கட்சியில் பெரிய தலைவர், மந்திரியாகவும் இருந்தவர். பையன் இறையியல் படித்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே 1973-ல் எம்.பி. ஆகிவிட்டார். வயது 26. பிறகு 1979-ல் லூத்தரன் திருச்சபையில் முறைப்படி பாதிரியாராகவும் ஆனார். கட்சித் தலைவர், கல்வி அமைச்சர், வெளியுறவு அமைச்சர் என்று படிப்படியாக ஏறினார். ஆனாலும் பிரதமர் பதவி எட்டாக்கனிதான். அங்கே தொழிலாளர் கட்சிதான் பெரிய கட்சி. இவருடையது பத்துப் பதினைந்து சதவிகித ஓட்டுக்குள் நிற்கும் கட்சி.

அந்தக் கனி எப்படி மடியில் விழுந்தது என்பது தனிக் கதை. 1997 தேர்தலில் அப்போதைய பிரதமர் தோர்பியோர்ன் யாக்லான்ட் ஒரு சவால் விட்டார். 'போன தடவை எங்கள் கட்சி வாங்கியது 36.9 சதவிகிதம். அதற்கு ஒரு புள்ளி குறைந்தாலும் நான் பதவியில் இருக்க மாட்டேன்' என்பது அதன் சாரம். வந்தது 35 சதவிகிதம். அப்போதும் அவர் கட்சிதான் முதலிடம். சாமர்த்தியமாக ஏதாவது பேசிச் சமாளித்திருக்கலாம். அவர் சொன்ன சொல்லுக்காக இறங்கிப் போனார். அதனால் போன்டெவிக் பிரதமரானார்.

மூன்று சிறு கட்சிகளின் கூட்டணி. மூன்றையும் சேர்த்தால் 165 பேர் கொண்ட சபையில் 42 இடம். ஆம், நாற்பத்திரண்டு! நம் கணக்குப்படி இதை ஆட்சி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஒவ்வொரு சட்டத்துக்கும், ஒவ்வொரு பட்ஜெட் வரிக்கும் எதிரணியில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். இடதுசாரிகளிடம் கொஞ்சம், வலதுசாரிகளிடம் கொஞ்சம் என்று தினமும் பேரம்.

அப்படித்தான் பத்து மாதம் ஓடியது. 1998 கோடையில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. நார்வே பெட்ரோலை விற்றுப் பிழைக்கும் நாடு. கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டாலருக்கு இறங்கிவிட்டது. நாட்டின் பணமான குரோனா தள்ளாடியது. அதைத் தூக்கிப் பிடிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனது. வருட ஆரம்பத்தில் 3.5 சதவிகிதமாக இருந்தது ஆகஸ்ட் கடைசியில் 8 சதவிகிதம். அங்கே வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் வட்டி ஏறினால் கூடவே ஏறுகிற ரகம். மாதத் தவணை கட்டுகிற ஒவ்வொரு குடும்பமும் அரசாங்கத்தைத் திட்டியது.

இது போதாதென்று ஆகஸ்ட் 1-ல் தான் அவருடைய செல்லத் திட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. ஒரு வயதுக் குழந்தையை அரசு மானியம் பெறும் காப்பகத்துக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் பெற்றோருக்கு மாதாமாதம் ரொக்கம். 'குழந்தையோடு இருக்கப் பெற்றோருக்கு நேரம் கிடைக்கும்' என்றார் அவர். 'பெண்களைத் திரும்பவும் அடுப்படிக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள்' என்று எதிர்ப்பு கிளம்பியது. நார்வேயில் அது சாதாரணச் சண்டை அல்ல. நாட்டையே இரண்டாகப் பிரித்த வாக்குவாதம். அந்தத் திட்டத்தில் எதிர்ப்பாளர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது. அது இருக்கட்டும். அந்த ஆகஸ்டில் எல்லாப் பக்கமும் இழுத்த கயிறு ஒரே மனிதரின் கழுத்தில் மாட்டியிருந்தது என்பதுதான் இங்கே விஷயம்.

அந்த மாதக் கடைசி வார இறுதி. பிரதமரால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. உடம்பில் காயம் இல்லை, காய்ச்சல் இல்லை. எழ வேண்டும் என்று தெரிகிறது, எழ முடியவில்லை. மனச்சோர்வை அனுபவித்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். அனுபவிக்காதவர்களுக்கு எத்தனை பக்கம் எழுதினாலும் பிடிபடாது. 'கொஞ்சம் வெளியில் போயிட்டு வா, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்வது அதனால்தான். மருத்துவரை வரவழைத்தார்கள். ஓய்வும் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும் என்று தெரிந்துபோனது.

இப்போதுதான் அந்தக் கேள்வி. ஊருக்கு என்ன சொல்வது?

இந்த இடத்தில் உலகத் தலைவர்கள் வழக்கமாக என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனுக்கு 1919-ல் பக்கவாதம் வந்தது. அடுத்த ஒன்றரை வருடம், பதவிக்காலம் முடியும்வரை, அவர் மனைவி யாரையும் சுலபத்தில் பக்கத்தில் விடாமல் சமாளித்தார். சர்ச்சிலுக்கு 1953-ல் பிரதமராக இருக்கும்போதே பக்கவாதம். பத்திரிகை முதலாளிகளே சேர்ந்து மறைத்தார்கள். பிரான்ஸின் மித்தரான் பதவிக்கு வந்த 1981-லேயே புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது. பத்து வருடத்துக்கும் மேல், 'அதிபர் நலமாக இருக்கிறார்' என்று வரிசையாக மருத்துவ அறிக்கைகள் வந்துகொண்டிருந்தன.

இவையெல்லாம் உடம்பு நோய்கள். மனது சம்பந்தப்பட்டது என்றால் கதையே வேறு. 1972 அமெரிக்கத் தேர்தலில் துணை அதிபர் வேட்பாளராக நின்றவர் தாமஸ் ஈகிள்டன். அவர் முன்பு மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்து, மின் அதிர்ச்சி சிகிச்சையும் எடுத்திருந்தார் என்பது வெளியே வந்தது. அதிபர் வேட்பாளர் மெக்கவர்ன், 'ஆயிரம் சதவிகிதம் அவர் பக்கம் நிற்கிறேன்' என்றார். ஒரே வாரத்தில் ஈகிள்டனை வேட்பாளர் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அரசியல்வாதிகள் எல்லோருக்கும் அது பாடமாகிவிட்டது. இந்த வார்த்தையை மட்டும் வாயில் எடுக்காதே!

போன்டெவிக்குக்கும் அவர் ஆட்களுக்கும் இந்தப் பாடம் தெரியாமல் இருந்திருக்காது. 'வேலைப்பளு, களைப்பு' என்று அரை உண்மையோடு நிறுத்தியிருக்கலாம். அதில் ஒரு கௌரவம்கூட இருக்கிறது. 'பாவம், நாட்டுக்காக உழைத்துக் களைத்துவிட்டார்' என்பார்கள். நம் பேச்சில் இந்த மாதிரி வசதியாக ஒரு சொல் உண்டு. 'மன அழுத்தம்'. ஸ்ட்ரெஸ் என்றாலும் அதுதான், டிப்ரெஷன் என்றாலும் அதையே சொல்லிவிடுவோம். முதலாவது எல்லோருக்கும் வருவது, சொல்லிக்கொள்வதில் கூச்சம் கிடையாது. இரண்டாவது நோய். சிகிச்சை வேண்டும். அவர்கள் இரண்டாவதன் பெயரையே அறிக்கையில் போட்டார்கள். காரணத்தைச் சொல்லாமல் விட்டால், புற்றுநோயா, குடும்பத் தகராறா என்று வதந்தி கிளம்பும் என்ற கணக்கும் அதில் இருந்தது. உண்மை பேசுவதில் கொஞ்சம் கணக்கு இருந்தால் என்ன தப்பு?

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு விஷயம். நார்வேயில் வேலை பார்ப்பவர் நோய்வாய்ப்பட்டால் முதல் நாளிலிருந்தே முழுச் சம்பளம். ஓர் உச்சவரம்பு உண்டு, அதற்குள் ஒரு வருடம் வரைக்கும் கிடைக்கும். 1978-லிருந்து இதுதான் நடைமுறை. முதல் மூன்று நாளுக்கு டாக்டர் சர்ட்டிஃபிகேட்டே வேண்டாம், 'எனக்கு உடம்பு சரியில்லை' என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் டாக்டர் எழுதித் தர வேண்டும். அதிலும் என்ன நோய் என்பதை முதலாளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஓஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவருக்கும், மீன் பதப்படுத்தும் ஆலையில் நிற்பவருக்கும் இருக்கிற வசதி இது. ஆக, நோய்க்காக லீவு எடுப்பது அந்த ஊரில் அதிசயம் இல்லை. பிரதமர் தன் நாட்டுத் தொழிலாளி செய்வதைத்தான் செய்தார். தொழிலாளி சொல்ல வேண்டாத காரணத்தையும் சேர்த்துச் சொன்னார் என்பதுதான் கூடுதல்.

சரி, நாற்காலி? அது காலியாகக் கிடக்கவில்லை. கூட்டணியில் இருந்த சென்டர் பார்ட்டியின் தலைவரும் கலாசார அமைச்சருமான அன்னெ எங்கர் லான்ஸ்டைன் பிரதமர் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். 1994-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கூடாது என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்து ஜெயித்த பெண்மணி. லேசுப்பட்டவர் இல்லை. நினைத்திருந்தால் இந்தச் சந்தர்ப்பத்தில் குட்டையைக் குழப்பியிருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் நாடு பாட்டுக்கு நடந்தது.

அதைவிட ஆச்சரியம் தபால்காரர் கொண்டுவந்தது. முன்பின் தெரியாதவர்களின் கடிதங்கள் குவிந்தன. திட்டி அல்ல. 'எனக்கும் இப்படித்தான் இருந்தது', 'என் வீட்டுக்காரருக்கும் இதுதான், வெளியில் சொன்னதே இல்லை' என்கிற ரகம். பாதிரியாராகப் பிறருக்கு ஆறுதல் சொல்லப் படித்தவர், ஆறுதல் வாங்கும் பக்கத்தில் இருந்தார்.

செப்டம்பர் 23-ம் தேதி வேலைக்குத் திரும்பினார். மொத்தம் மூன்றரை வாரம்.

இதோடு கதை முடிந்திருந்தால், 'நல்ல மனுஷன், பாவம்' என்று நாமும் அடுத்த செய்திக்கு ஸ்க்ரோல் செய்திருப்போம். ஆனால், மனநோய் என்று சொன்ன ஒருவரைப் பற்றி எல்லோர் மனதிலும் எழுகிற கேள்வி ஒன்று இருக்கிறதே... 'இவரை நம்பி இனி பெரிய முடிவு எதையும் ஒப்படைக்கலாமா?' வெளியில் கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதும், ஆபீஸில் பிரமோஷன் பட்டியல் போடும்போதும் உள்ளுக்குள் கேட்பார்கள். அதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை பதில் வைத்திருக்கிறது.

2000-ம் வருடம். நாட்டில் எரிவாயு மின் நிலையங்கள் கட்ட வேண்டும் என்று பெரிய கட்சிகள் இரண்டும் ஒற்றைக் காலில் நின்றன. கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் தொழில்நுட்பம் வரட்டும், அதுவரை அனுமதி இல்லை என்றார் போன்டெவிக். 'அதற்காகச் சட்டத்தைத் தளர்த்த மாட்டேன், வேண்டுமானால் ஆட்சியைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள்' என்று நம்பிக்கை வாக்கெடுப்பு வரைக்கும் போனார். மார்ச் 9-ம் தேதி 81-க்கு 71 என்று தோற்றார். பருவநிலைப் பிரச்னைக்காகவே ஓர் அரசு கவிழ்ந்தது உலகத்தில் இதுதான் முதல் தடவை என்று சொல்வதுண்டு. பின்கதையையும் கேளுங்கள். அன்று சண்டை போட்டு வாங்கிய நிலையங்களில் ஒன்று, கோர்ஸ்டோ என்ற இடத்தில் 2007-ல் திறக்கப்பட்டது. எரிவாயு விலைக்கு மின்சாரம் கட்டுப்படியாகாமல் பெரும்பாலான நாள் ஓடாமலே கிடந்து, கடைசியில் கழற்றிப் போட்டார்கள்.

2001-ல் தேர்தல். இந்த முறை வலதுசாரிக் கட்சியோடு கூட்டணி. அவர்களுக்கு 38 இடம். போன்டெவிக் கட்சிக்கு 22. சின்னக் குழந்தைக்கும் தெரியும், பிரதமர் நாற்காலி யாருக்குப் போக வேண்டும் என்று. ஆனால் 38 வைத்திருந்தவர்கள் 22 வைத்திருந்தவரைப் பிரதமராக ஏற்றுக்கொண்டார்கள்! மூன்று வருடம் முன்பு மனச்சோர்வு என்று ஊரறிய அறிக்கை கொடுத்த அதே மனிதரை. பேரத்தில் வேறு பல காரணங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால், அந்த மூன்றரை வாரத்தை யாரும் தராசில் எதிர்ப்பக்கம் வைக்கவில்லை.

முழுதாக நான்கு வருடம் ஆண்டார். 2003-ல் அமெரிக்கா ஈராக்குக்குள் இறங்கியபோது நார்வே தர்மசங்கடத்தில் மாட்டியது. நேட்டோவில் பழைய கூட்டாளி, அழைப்பது வாஷிங்டன். ஐ.நா. பாதுகாப்பு சபையின் ஒப்புதல் இல்லாத போரில் நாங்கள் இல்லை என்று சொல்லிவிட்டார். அதே வருடம், பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் இரு பாலரும் குறைந்தது 40 சதவிகிதம் இருக்க வேண்டும் என்ற சட்டமும் அவர் ஆட்சியில்தான் வந்தது. பெண்களை அடுப்படிக்கு அனுப்புகிறார் என்று பேச்சு வாங்கியவரின் ஆட்சியில்!

எல்லாவற்றிலும் தேறினார் என்று சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் தாய்லாந்துக்கு விடுமுறைக்குப் போயிருந்த நார்வேக்காரர்கள் உட்பட அந்நாட்டவர் 84 பேர் இறந்தார்கள். ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளவே அரசுக்கு நாள் பிடித்தது, உதவி தாமதமாகப் போனது என்று கடுமையான விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனம். இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவரைப் பிரதமராக வைத்துத்தான் திட்டினார்கள், நோயாளியாக வைத்து அல்ல. 2005 தேர்தலில் அவர் கூட்டணி தோற்றதும் வரிக் குறைப்பா, பள்ளிக்கூடமும் முதியோர் பராமரிப்புமா என்கிற வழக்கமான சண்டையில்தான்.

பதவி போனபின் ஓஸ்லோவில் அமைதிக்கும் மனித உரிமைக்குமான மையம் ஒன்றைத் தொடங்கினார். 2017 ஜனவரி கடைசியில் வாஷிங்டன் விமான நிலையத்தில் இறங்கியபோது ஒரு வேடிக்கை நடந்தது. ட்ரம்ப் பயணத் தடை போட்டிருந்த வாரம். பாஸ்போர்ட்டில் பழைய இரான் விசா முத்திரை இருந்ததால், ஒரு மணி நேரம் போலத் தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். அவர் நார்வேயின் முன்னாள் பிரதமர் என்பது அந்தப் பாஸ்போர்ட்டிலேயே போட்டிருந்தது!

எங்கே போய்ப் பேசினாலும் மற்ற சாதனைகளைவிட அந்த மூன்றரை வாரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அவரும் அலுக்காமல் சொல்கிறார். உலக சுகாதார அமைப்பின் இதழுக்கு 2011-ல் அளித்த பேட்டியும் இதைப் பற்றியதுதான்.

2006-ல் சுயசரிதை எழுதினார். தலைப்பில் 'ஸ்பென்னிங்' என்ற நார்வேஜியச் சொல் வருகிறது. 'ஸ்பென்னிங்கில் ஒரு வாழ்க்கை' என்று சொல்லலாம். அங்கே கதையில் வரும் விறுவிறுப்புக்கும் இந்தச் சொல்தான், மனதின் இறுக்கத்துக்கும் இதேதான். கரன்ட் வயரில் ஓடுகிற வோல்டேஜுக்கும் அதுவேதான்.